டிரம் கோர் ஆடிஷனுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

ஆகஸ்டில் இறுதிப்போட்டி முடிந்த கையோடு அமெரிக்காவின் டிரம் கோர்கள் அடுத்த கோடைக்கான ஆடிஷன் அறிவிப்புகளை வெளியிட ஆரம்பித்துவிடும். நவம்பர், டிசம்பர் வார இறுதிகளில் முகாம்கள் நடக்கும். பள்ளி மார்ச்சிங் பேண்டில் வாசிக்கும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் இப்போது இந்த முகாம்களுக்குப் பெயர் கொடுக்கிறார்கள். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எவ்வளவு வேகமா வாசிச்சா எடுத்துக்குவாங்க?"

வேகத்துக்காக யாரையும் எடுப்பதில்லை. தேர்வாளர் முதல் அரை நிமிடத்தில் கேட்பது உங்கள் ஒற்றை அடியின் ஒலியை. அடுத்து அவர் பார்ப்பது உங்கள் பாதங்களை. அதன்பின் ஒரு திருத்தம் சொல்லிவிட்டு, மறுமுறை வாசிக்கும்போது அது கையில் வருகிறதா என்று கவனிப்பார். இந்த மூன்றுக்கும் வீட்டிலிருந்தே தயாராக முடியும். புதிதாகப் போகிறவருக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை என்பேன்.

பெற்றோருக்கு முதலில் கொஞ்சம் விளக்கம். டிரம் கோர் என்பது பித்தளைக் காற்றுக் கருவிகள், தாளக் கருவிகள், கொடியும் மர ரைஃபிளும் சுழற்றி ஆடும் கலர் கார்டு ஆகிய மூன்றும் சேர்ந்த குழு. புல்லாங்குழல், கிளாரினெட், சாக்ஸஃபோன் இதில் கிடையாது. முதல் உலகப் போருக்குப் பிறகு முன்னாள் ராணுவத்தினர் சங்கங்கள் பியூகிளையும் டிரம்மையும் வைத்து ஊர் ஊராக நடத்திய அணிவகுப்புக் குழுக்களிலிருந்து வளர்ந்த கலை இது. போட்டிகளை நடத்தும் டிரம் கோர்ஸ் இன்டர்நேஷனல், சுருக்கமாக டிசிஐ, 1971-இல் உருவானது. அதன் முதல் சாம்பியன்ஷிப் 1972-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் வைட்வாட்டரில் நடந்தது. மொத்தம் 100 மதிப்பெண்: ஒட்டுமொத்தத் தாக்கத்துக்கு 40, காட்சிக்கு 30, இசைக்கு 30. நடப்பதும் நிற்பதும் மதிப்பெண்ணில் இவ்வளவு பங்கு பெறுவதால்தான் பாதத்தைப் பற்றி இந்தக் கட்டுரையில் திரும்பத் திரும்பப் பேசப்போகிறேன்.

பருவம் மே மாதப் பிற்பகுதியில் தங்கிப் பயிலும் முகாமுடன் தொடங்குகிறது. ஜூன் இறுதியிலிருந்து ஆகஸ்ட் இரண்டாவது வாரம் வரை நாடெங்கும் பயணம். இரவில் பேருந்தில் தூக்கம், இல்லாவிட்டால் ஏதோ ஒரு பள்ளியின் விளையாட்டுக் கூடத்துத் தரையில் காற்று மெத்தை. நிகழ்ச்சி இல்லாத நாட்களில் காலையிலிருந்து இரவு வரை வெயிலில் பயிற்சி. பிள்ளை இதற்கு ஆசைப்படுகிறது என்றால், என்ன கேட்கிறது என்பது வீட்டில் இருப்பவர்களுக்கும் முழுதாகத் தெரிந்திருக்க வேண்டும்.

எந்தக் கோருக்குப் போவது? ப்ளூ டெவில்ஸ், கரோலைனா கிரவுன், ப்ளூகோட்ஸ், பாஸ்டன் குரூசேடர்ஸ், சான்டா கிளாரா வான்கார்டு என்று யூடியூபில் பார்த்த பெயர்கள் மனதில் இருக்கும். இவை வேர்ல்டு கிளாஸ் பிரிவு. இதற்கு அடுத்து ஓப்பன் கிளாஸ் என்று ஒரு பிரிவு உண்டு. அங்கே உறுப்பினர்கள் பொதுவாக இளையவர்கள், பயணக் காலமும் குறைவு. ப்ளூ டெவில்ஸ் பி போன்ற குழுக்கள் பெரிய கோர்களின் நாற்றங்கால்கள். பத்தாம், பதினொன்றாம் வகுப்பில் இருப்பவர் ஓப்பன் கிளாஸில் ஒரு கோடையைக் கழித்துவிட்டு மேலே போவதே நல்ல வழி என்பது என் கருத்து. அங்கே ஒவ்வொருவர் கையையும் பார்த்துச் சொல்லித்தர நேரம் இருக்கும். அதே சமயம், ஆசைப்பட்ட பெரிய கோரின் முகாமுக்கும் ஒருமுறை போய் வாருங்கள். இடம் கிடைக்கும் என்று எண்ணிப் போகவேண்டாம். நாட்டின் தலைசிறந்த பயிற்றுநர்களிடம் இரண்டு நாள் பாடம் கேட்கும் வாய்ப்பு அது. ஆடிஷன் கட்டணத்தை அந்தப் பாடத்தின் விலையாக நினைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் டிரம் வாசிப்பவர்களுக்கு: பெயர் பதிவு செய்ததும் உங்களுக்கு ஆடிஷன் பாக்கெட் கிடைக்கும். அதில் அடிப்படைப் பயிற்சிகளும், அந்தக் கோர் குச்சியை எப்படிப் பிடிக்கிறது, எந்த உயரத்திலிருந்து அடிக்கிறது என்ற விளக்கமும் இருக்கும். பெரும்பாலானவர்கள் விளக்கப் பக்கங்களைத் தள்ளிவிட்டு நேராக ஸ்வரக் குறிப்புக்குப் போய்விடுகிறார்கள். அந்தப் பக்கங்களைத்தான் முதலில் படிக்க வேண்டும். ஒரு கோர் மூன்று அங்குல உயரத்தில் மெல்லடி கேட்கும்போது நீங்கள் ஐந்து அங்குலத்தில் எவ்வளவு அழகாக வாசித்தாலும் அது அவர்களுடைய வாசிப்பு ஆகாது.

பாக்கெட்டின் முதல் பக்கத்தில் அநேகமாக 'எய்ட்ஸ்' இருக்கும். வலக்கையில் எட்டு அடி, இடக்கையில் எட்டு அடி. பார்ப்பதற்கு ஒன்றுமில்லாதது போலத் தெரியும். எல்லா ஆடிஷன்களும் இதில்தான் தீர்மானமாகின்றன. குச்சி டிரம்மின் தோலில் பட்டதும் தானாக எழும்பி வர வேண்டும். எட்டு அடியும் ஒரே உயரம், ஒரே ஒலி. இடக்கையின் எட்டு வலக்கையின் எட்டைப் போலவே கேட்க வேண்டும். விரல்கள் குச்சியை இறுக்கினால் ஒலி சுருங்கிவிடும், காது பழகியவருக்கு உடனே தெரியும். கண்ணாடி முன் நின்று, நிமிடத்துக்கு 80 துடிப்பில் மெட்ரோனோமை வைத்து, பத்து நிமிடம் இதை மட்டும் வாசியுங்கள். நாள்தோறும் இதுவே தொடக்கமாக இருக்கட்டும்.

அடுத்து 'கிரிட்' என்கிற பயிற்சி. ஒரு துடிப்புக்கு நான்கு அடி. அவற்றில் முதலாவது மட்டும் உயர்ந்து விழும் அழுத்த அடி, மற்ற மூன்றும் தாழ்ந்த மெல்லடி. நான்கு துடிப்பு இப்படி வாசித்ததும் அழுத்தம் இரண்டாவது அடிக்கு நகரும், பிறகு மூன்றாவதுக்கு, நான்காவதுக்கு. அடுத்த சுற்றில் இரண்டிரண்டு துடிப்புக்கு ஒருமுறை நகரும், கடைசிச் சுற்றில் ஒவ்வொரு துடிப்புக்கும். புதியவர்கள் தடுமாறுவது அழுத்த அடியில் அல்ல, அதற்கு அடுத்த மெல்லடியில். உயரத்திலிருந்து விழுந்த குச்சியை மூன்று அங்குலத்தில் நிறுத்தாமல் விட்டால் அடுத்த அடி பெரிதாகிவிடும், மெல்லடிகள் மேடு பள்ளமாகும். கைபேசியில் பக்கவாட்டிலிருந்து ஒளிப்பதிவு செய்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். உயரம் பொய் சொல்லாது.

வீட்டில் மிருதங்கம் கற்ற பிள்ளைகளுக்கு இங்கே உண்மையான ஒரு சாதகம் இருக்கிறது. இன்றைய டிரம் கோர் இசையில் ஒரு துடிப்புக்குள் மூன்று, ஐந்து, ஏழு அடிகள் அடிக்கடி வரும். திஸ்ர, கண்ட, மிஸ்ர நடைகளை வாயால் சொல்லிப் பழகியவருக்கு அந்தக் கணக்கு புதிதல்ல. தகதகிட என்று சொல்லிக்கொண்டே காலால் துடிப்பை வைத்தால் ஐந்து அடிகள் சமமாக விழும். எந்தப் பயிற்சியையும் கையால் வாசிக்கும் முன் சொல்லாகச் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியாததைக் கை வாசிக்காது. ஆனால் மிருதங்கக் கை வேறு, குச்சிக் கை வேறு. அந்தப் பயிற்சி கணக்குக்குத்தான் உதவும். பிடியையும் மணிக்கட்டையும் ஆரம்பத்திலிருந்து கற்க வேண்டும். பர்கஸிவ் ஆர்ட்ஸ் சொசைட்டி 1984-இல் வகுத்த 40 அடிப்படை ரூடிமென்ட்கள் அதற்கான பாலபாடம். அத்தனையும் ஆடிஷனில் வராது. ரோல், ஃபிளாம், பாரடிடில் இந்த மூன்று குடும்பமும் கையில் இருந்தால் முதல் முகாமுக்குப் போதும்.

இனி பாதம். முகாமில் எந்தப் பயிற்சியையும் சும்மா நின்று வாசிக்க மாட்டீர்கள். நின்ற இடத்திலேயே துடிப்புக்கு ஒரு கால் வீதம் இடம், வலம் என்று எடுத்து வைத்துக்கொண்டே வாசிக்க வேண்டும். 'மார்க் டைம்' என்பார்கள். உட்கார்ந்து மாதக்கணக்கில் பயின்றவர் முகாமில் எழுந்து நின்று கால் எடுத்ததும் கையில் இருந்ததெல்லாம் கலைந்துபோவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கலாம். ஆகவே பாக்கெட் கையில் வந்த முதல் நாளிலிருந்தே பயிற்சி பேடை இடுப்பு உயரத்தில் வைத்து, நின்று, கால் எடுத்தபடி வாசியுங்கள். கை தடுமாறினால் கையை நிறுத்துங்கள், காலை நிறுத்தாதீர்கள். கடினமான இடத்தில் கால் கைக்குப் பின்னால் ஓடினால் தேர்வாளர் அதைத்தான் முதலில் குறித்துக்கொள்வார்.

நடையும் அளவுக்குட்பட்டது. மைதானத்தில் ஐந்து கஜத்துக்கு ஒரு கோடு. எட்டே எட்டு காலடியில் ஒரு கோட்டிலிருந்து அடுத்ததற்குப் போவது அடிப்படை நடை. ஒரு காலடி 22.5 அங்குலம். வீட்டுக்கு வெளியே 15 அடி தூரத்தை அளந்து இரண்டு கோடு போடுங்கள். மெட்ரோனோமை 120-இல் வைத்து இடக்காலில் தொடங்கி எட்டாவது எண்ணிக்கையில் கோட்டில் போய் நில்லுங்கள். முன்னால், பின்னால் இரண்டும் வேண்டும். பிறகு அதே தூரத்தை ஆறு காலடியில், பன்னிரண்டு காலடியில். ஸ்னேர், டெனர், பேஸ் டிரம்கள் வாசிப்பவர்கள் பக்கவாட்டில் போகும்போது தோள் முன்னால் பார்த்தபடி கால்கள் ஒன்றையொன்று தாண்டிச் செல்லும். இதை 'கிராப்' என்பார்கள், நண்டு நடைதான். முழங்காலை மடக்குவதா நேராக வைப்பதா என்பது கோருக்குக் கோர் மாறும். பாக்கெட்டைப் பாருங்கள், அந்தக் கோரின் சமீபத்திய பயிற்சிக் காணொளிகளையும் பாருங்கள்.

மெட்ரோனோமைப் பற்றி இன்னொரு சொல். அது துடிப்பில் ஒலித்துக்கொண்டே இருந்தால் நீங்கள் அதைப் பின்தொடரத்தான் கற்பீர்கள். பழகியதும் அதை இரண்டு துடிப்புகளின் நடுவில் ஒலிக்கும்படி எண்ணிக்கொண்டு வாசியுங்கள். அப்புறம் நான்கு ஆவர்த்தத்துக்கு ஒலித்து நான்கு ஆவர்த்தத்துக்கு மௌனமாகும்படி அமையுங்கள். மௌனம் முடிந்து அது திரும்ப வரும்போது நீங்களும் அதே இடத்தில் இருந்தால் காலம் உங்களுக்குள் வந்துவிட்டது. பாக்கெட்டில் 120 முதல் 170 வரை என்று வேகம் குறித்திருந்தால் 120-ஐயும் அதே அக்கறையோடு தயார்செய்யுங்கள். மெதுவான வேகத்தில் ஒளிந்துகொள்ள இடமில்லை என்பது தேர்வாளர்களுக்குத் தெரியும், பல நேரம் அதைத்தான் கேட்பார்கள். எல்லாம் மனப்பாடமாக இருக்க வேண்டும். தாளைப் பார்க்கிற கண் மற்றவர்களைப் பார்க்காது.

மற்றவர்களைப் பார்ப்பது என்றதும் ஒரு முக்கிய விஷயம். ஒரு பெரிய கோரில் 150 பேருக்கு மேல் இருந்தாலும் ஸ்னேர் வரிசையில் எட்டு முதல் பத்துப் பேர்தான் இருப்பார்கள். பத்துப் பேரும் ஒரே கருவியாக ஒலிக்க வேண்டும். வரிசையின் நடுவில் நிற்கும் ஸ்னேர்க்காரர்தான் வேகத்துக்குப் பொறுப்பு. அவர் தட்டித் தொடங்கி வைப்பார், வரிசை முழுக்க வாயால் "டட், டட்" என்று எண்ணிச் சேர்ந்துகொள்ளும். எல்லாருடைய காதும் நடுவை நோக்கி இருக்க வேண்டும். புதியவர் தன் கையை நிரூபிக்கிற ஆர்வத்தில் ஓங்கி வாசித்தால் வரிசை உடைகிறது. மைதானத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 45 மீட்டர் தள்ளி நிற்பவரின் ஒலி உங்கள் காதுக்கு வர நொடியில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் ஆகும். 160 வேகத்தில் அது ஒரு துடிப்பின் மூன்றில் ஒரு பங்கு. அதனால் காதில் விழுவதை எல்லாம் நம்பி வாசிக்க முடியாது. எந்த இடத்தில் யாரைக் கேட்பது, எப்போது டிரம் மேஜரின் கையைப் பார்ப்பது என்று தனியாகச் சொல்லித்தருவார்கள். சொன்னதும் அதன்படி நடக்கிறவரைத் தேர்வாளர் உடனே கண்டுகொள்வார். வீட்டில் இதற்குத் தயாராக ஒரே வழி, தனியாக மட்டும் வாசிக்காமல் பள்ளி நண்பர் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொள்வது. குளிர்காலத்தில் உள்ளரங்கில் போட்டியிடும் டிரம்லைன்களில் சேர்ந்தால் இன்னும் நல்லது. டபிள்யூஜிஐ நடத்தும் அந்தப் போட்டிகளின் இறுதி ஏப்ரலில் ஒஹையோவின் டேட்டனில் நடக்கிறது. டிரம் கோர் பயிற்றுநர்கள் பலர் அங்கேயும் இருக்கிறார்கள்.

பேஸ் டிரம்முக்குப் போகிறவர்கள் ஒரு சொற்றொடரை ஐந்து பேர் துண்டு துண்டாகப் பங்கிட்டு வாசிப்பதைப் பழக வேண்டும். உங்கள் இரண்டு அடியை மட்டும் மனப்பாடம் செய்யாமல் முழுச் சொற்றொடரையும் வாயால் சொல்லத் தெரிந்திருங்கள். ஸ்னேரில் இடம் கிடைக்காதவர்களைப் பல நேரம் பேஸுக்கு அழைப்பார்கள். தயங்காமல் ஒத்துக்கொள்ளுங்கள். மரிம்பா, வைப்ரஃபோன் வாசிக்கும் முன்வரிசைக்கு நான்கு கோல் பிடி கட்டாயம், ஸ்கேல்கள் அனைத்தும் கையில் இருக்க வேண்டும்.

காற்றுக் கருவிக்காரர்களுக்கு: 2000-ஆம் ஆண்டிலிருந்து எந்தச் சுருதிப் பித்தளைக் கருவியும் அனுமதி என்பதால் பழைய ஜி பியூகிள் இப்போது புழக்கத்தில் இல்லை. பள்ளியில் பழகிய விரலமைப்பே போதும். கருவியைக் கோர் தரும், மவுத்பீஸ் உங்களுடையது. பிரெஞ்சு ஹார்ன் வாசிப்பவர்கள் மெல்லோஃபோனைச் சில வாரம் முன்பே வாங்கிப் பழகுங்கள். உயர்ந்த சுரங்களைக் காட்ட ஆசைப்படாதீர்கள். நீண்ட சுரம், உதடு வழுக்கல், மூச்சு. நடு ஸ்தாயியில் நிறைந்த, நடுங்காத ஒலி. அதைக் கால் எடுத்தபடி பிடித்து நிறுத்துவது. இவ்வளவுதான் முதல் ஆடிஷன். சாக்ஸஃபோனோ கிளாரினெட்டோ வாசிக்கும் பிள்ளைகள் ஆறேழு மாதத்தில் பாரிடோனுக்கோ மெல்லோஃபோனுக்கோ மாறி உள்ளே போயிருக்கிறார்கள். கலர் கார்டுக்கு நடனப் பயிற்சி பெரிய துணை. பரதம் கற்றவருக்கு அசைவை ஒருமுறை பார்த்து மனதில் நிறுத்தும் பழக்கம் இருக்கும். பாலே அடிப்படைகளையும் கொடி சுழற்றுவதையும் கூடுதலாகக் கற்றுக்கொள்ள வேண்டும்.

உடம்பைத் தயார்செய்வது தனி வேலை. டெனர் டிரம்களும் டியூபாவும் பத்துக் கிலோவைத் தாண்டும். அவற்றைத் தோளில் சுமந்து 180 வேகத்தில் ஓடியபடி வாசிக்க வேண்டும். வாரத்தில் மூன்று நான்கு நாள் ஓட்டம், முதுகையும் வயிற்றையும் உறுதியாக்கும் பயிற்சி, தோள் நெகிழ்வு ஆகியவற்றை இலையுதிர் காலத்திலேயே தொடங்குங்கள். மணிக்கட்டில் கூர்மையான வலி வந்தால் பொறுத்துக்கொண்டு வாசிக்கக் கூடாது, அன்றைக்கு நிறுத்துங்கள். காதுக்கு அடைப்பான் இல்லாமல் எந்தப் பயிற்சிக்கும் போகாதீர்கள். 85 டெசிபெல் ஒலியை எட்டு மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பது அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒலி மூன்று டெசிபெல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகும். டிரம்லைன் இந்த அளவைச் சுலபமாகத் தாண்டும். போன செவி திரும்ப வராது. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

முகாம் வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு பகல் வரை நடக்கும். உடற்பயிற்சி உடை, நல்ல ஓட்டக் காலணி, பெரிய தண்ணீர்க் குடுவை, படுக்கை, பேட், இரண்டு ஜோடி குச்சி, பென்சில், குறிப்பேடு வேண்டும். முதல் நாள் கூட்டமாக வாசிக்க வைப்பார்கள். பிறகு நான்கைந்து பேராகப் பிரித்து, ஆட்களை மாற்றி மாற்றி நிறுத்திக் கேட்பார்கள். இடையில் தேர்வாளர் ஒருவர் முன் தனியாகச் சில நிமிடம். அவர் "இடக்கை தாழ்ந்திருக்கு" என்றால் தலையசைத்துவிட்டு உயர்த்தி வாசியுங்கள். காரணம் சொல்ல வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். திருத்தம் கொஞ்சம் மிகையாகப் போனாலும் பரவாயில்லை, மாற்றம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பக்கத்தில் நிற்பவருக்குச் சொன்ன திருத்தத்தையும் உங்களுக்கென்று எடுத்துக்கொள்ளுங்கள். நில் என்றால் அசையாமல் நில்லுங்கள். இடைவேளையில் பேடில் சொந்த வித்தை காட்டாதீர்கள். தவறு செய்தால் முகத்தில் காட்டாமல் அடுத்த துடிப்பில் சேர்ந்துகொள்ளுங்கள். களத்தில் தவறியவர் செய்ய வேண்டியதும் இதுதானே.

காணொளி மூலமும் ஆடிஷன் ஏற்கிறார்கள். தலை முதல் பாதம் வரை தெரியும்படி, மெட்ரோனோம் ஒலி கேட்கும்படி, வெட்டி ஒட்டாமல் ஒரே மூச்சில் எடுத்து அனுப்புங்கள். ஆனால் நேரில் போக வழி இருந்தால் நேரில் போவதே மேல்.

பணம் பற்றி வெளிப்படையாகப் பேசிவிடுவோம். வேர்ல்டு கிளாஸ் கோரில் ஒரு பருவத்துக்கு உறுப்பினர் கட்ட வேண்டிய தொகை பல ஆயிரம் டாலர். மாதாந்திர முகாம்களுக்குப் போய்வர விமானச் செலவு வேறு. தவணை உண்டு, உதவித்தொகை உண்டு, நன்கொடை திரட்டக் கோர்களே உதவும். பிள்ளை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் பெற்றோர் மொத்தத் தொகையையும், இடையில் விலகினால் எவ்வளவு திரும்பும் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பயிற்சி தொடங்கும் நாள் பள்ளி இறுதித் தேர்வோடும் பட்டமளிப்போடும் மோதுகிறதா என்று நாட்காட்டியை வைத்துப் பாருங்கள். மோதினால் முன்கூட்டியே சொல்லிவிட்டால் வழி பிறக்கும். சைவ உணவு, ஒவ்வாமை எல்லாம் மருத்துவப் படிவத்தில் தெளிவாக எழுதுங்கள். கோரின் சமையல் வண்டி அதைப் பார்த்துத்தான் சமைக்கும். உறுப்பினர் பாதுகாப்பு விதிகளைப் பற்றிக் கேட்கவும் தயங்காதீர்கள்.

முதல் தடவை இடம் கிடைக்காதவர்கள் கிடைத்தவர்களைவிட மிக அதிகம். ஞாயிறன்று பெயர் பட்டியலில் இல்லை என்றால் உங்கள் பகுதிக்குப் பொறுப்பானவரிடம் போய், அடுத்த ஆண்டுக்குள் எதை மாற்ற வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மனம்விட்டுச் சொல்வார்கள். அந்தக் குறிப்போடு டிசம்பரிலேயே இன்னொரு கோருக்குப் போகலாம். இன்னொரு விஷயமும் தெரிந்துகொள்ளுங்கள். தேர்வானவர்களில் சிலர் பணத்தாலோ காயத்தாலோ வசந்த காலத்தில் விலகுவார்கள். களத்தின் அமைப்பில் அவர்களுடைய இடம் காலியாக இருக்கும். அதை 'ஹோல்' என்பார்கள். ஏப்ரல், மே, சில சமயம் ஜூன் வரைகூட அந்த இடங்களுக்கு ஆள் தேடி அறிவிப்பு வரும். பாக்கெட்டைக் கைவிடாமல் பயின்று வருகிறவருக்கு அப்போது அழைப்பு வந்துவிடுவதுண்டு.

வயது வரம்பை மறந்துவிடாதீர்கள். ஜூன் 1-க்கு முன் 22 வயது நிறைந்தவர் வேர்ல்டு கிளாஸ், ஓப்பன் கிளாஸ் இரண்டிலும் சேர முடியாது. அதற்குப் பிறகு பென்சில்வேனியாவின் ரீடிங் பக்கனியர்ஸ் போன்ற, எல்லா வயதினரையும் ஏற்கும் கோர்கள் இருக்கின்றன. 19 வயதுக்காரருக்கு மிஞ்சியிருப்பது இரண்டு மூன்று கோடைகள்தான். "இன்னும் ஒரு வருஷம் பயிற்சி செய்துவிட்டுப் போகிறேன்" என்று தள்ளிப்போடாமல் இந்த நவம்பர் முகாமுக்கே பெயர் கொடுங்கள்.